இரும்பு டிரம்மும் புளித்தண்ணீரும்

பாப்பாரப்பட்டிக்கு வெளியே மாட்டுச் சலங்கை கோக்கும் பட்டறை ஒன்றில் ஏழு மாதம் இருந்தேன். எனக்கு அது நீண்ட காலம். எட்டாவதைப் பாதியில் விட்டவன் நான். பெங்களூரில் ஓட்டல், திருப்பூரில் சாயப்பட்டறை, ஓசூரில் பாலிஷ் கம்பெனி என்று சுற்றியதில் எங்கேயும் ஒரு வருடத்தைத் தாண்டியதில்லை.

ஓனர் வெளியூரில் வார்த்த பித்தளை மணிகளை மூட்டை மூட்டையாக வாங்குவார். கறுத்துப்போய் வரும் அவற்றைப் பிசிறு அராவி, மெருகேற்றி, தோல்வாரில் கோத்துப் பொங்கலுக்கு முன்னால் அனுப்பிவிட வேண்டும். எருது விடுகிறவர்களுக்கு மணி மஞ்சளாக மின்ன வேண்டும். மெருகு வேலை முழுக்க ஓர் அக்காவின் கையில் இருந்தது. ஏரியூர்ப் பக்கத்திலிருந்து பென்னாகரம் வந்து, பஸ் மாறி வருவார். பிளாஸ்டிக் பேசினில் புளியும் உப்பும் கரைத்து, மணிகளை ஊறப்போட்டு, தேங்காய் நாரால் ஒவ்வொன்றாகத் தேய்ப்பார்.

அந்த வருடம் ஆர்டர் அதிகமாகிவிட்டது. ஓனர் சுற்றும் டிரம் ஒன்று வாங்க நினைத்தார். மணியையும் பீங்கான் குண்டையும் தண்ணீரோடு போட்டு மோட்டாரில் சுற்றவிட்டால் அதுவே தேய்த்துக்கொள்ளும். ஓசூரில் அந்த டிரம்மை ஓட்டியவன் நான்தான் என்று சொன்னேன். உண்மையில் அங்கே நான் மூட்டை தூக்கினேன், தரையைக் கூட்டினேன். டிரம்மின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்ததுகூடக் கிடையாது.

ஓனர் என்னை நம்பி ஓசூருக்குக் கூட்டிப்போனார். பழைய மெஷின் கடையில் இரண்டு டிரம் இருந்தன. ஒன்று கனத்த இரும்புத் தகடு, உள்ளேயும் வெறும் இரும்பு. இன்னொன்று மெல்லிசு, உள்ளே ரப்பர் ஒட்டியிருந்தது, ஒரு மூலையில் பெயர்ந்திருந்தது. ஓனர் வெளியே போனில் பேசிக்கொண்டிருந்தார். பித்தளையைத் தண்ணீர் ஊற்றிச் சுற்றுவதென்றால் ரப்பர் போட்டதை எடுங்கள், பெயர்ந்த இடத்தை ஒட்டித் தருகிறேன் என்று கடைக்காரர் என்னிடம் சொன்னார். நான் தலையாட்டினேன். ஓனர் உள்ளே வந்ததும் இரும்பு டிரம்மைக் காலால் உதைத்துக் காட்டினேன்.

"ரப்பரு ஒரு வருசத்துல பிஞ்சிரும்ங்கண்ணா. இது நம்ம பேரப்புள்ளைங்க காலத்துக்கும் ஓடும்."

அவருக்கு ரொம்பச் சந்தோஷம். திரும்பி வரும்போது எனக்குப் பிரியாணி வாங்கிக்கொடுத்தார்.

டிரம் பட்டறைக்கு வந்ததும் அக்கா அதற்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தார். ஓசூரில் என்ன ஊற்றினார்கள் என்று எனக்குத் தெரியாது. அதனால் எப்போதும்போலப் புளித்தண்ணீரையே வாளி வாளியாகக் கரைக்கச் சொன்னேன்.

"இரும்புல புளி ஊத்தலாமா தம்பி? கெட்டுப்போவாதா?"

"இதென்னாக்கா, கொழம்பு வெக்கிற சட்டியா?"

வார் தைத்துக்கொண்டிருந்த நாலு பேரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்துவிட்டுக் கரைக்கப் போனார்.

மூன்று மணி நேரம் ஓடவிட்டு மூடியைத் திறந்தேன். டிரம்மின் இரும்பு கரைந்து தண்ணீர் மை மாதிரி கறுத்திருந்தது. மணிகள் செம்புப் பாத்திரம்போலச் சிவந்து, இடையிடையே கரும்புள்ளிகளோடு கிடந்தன. ஒரு மூட்டை மணி. கடைக்காரர் சொன்னது அந்த நிமிடமே என் காதில் கேட்டது. அதை மறந்துபோயிருந்தேன் என்று சொல்லவாவது முடிந்தால் நன்றாக இருக்கும்.

ஓனர் வந்து ஒரு மணியைக் கையில் எடுத்துப் பார்த்து, என்ன ஆயிற்று என்று கேட்டார்.

"புளித்தண்ணியில உப்பு தூக்கலாப் போயிருச்சுங்கண்ணா" என்றேன்.

அவர் அக்காவின் பக்கம் திரும்பினார். இத்தனை வருடம் செய்கிறவளுக்கு அளவு தெரியாதா, மெஷின் வந்தால் பிழைப்புப் போய்விடும் என்று வேண்டுமென்றே செய்தாயா என்று எல்லார் முன்னாலும் கேட்டார். அக்கா குரலை உயர்த்தவில்லை. அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"நானு எப்பவும் போடற அளவுதாங்க போட்டேன். தம்பி பக்கத்துலதான் நின்னுச்சு. அதுவே சொல்லட்டும்."

நான் குனிந்து டிரம்மின் போல்ட்டை முடுக்கினேன். அது ஏற்கெனவே முடுக்கித்தான் இருந்தது.

அக்கா நாலு நாள் உட்கார்ந்து அந்த மூட்டை மணி முழுவதையும் கையாலேயே தேய்த்து மஞ்சளாக்கினார். அந்த நாலு நாளும் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் வரவில்லை. போனால் போகட்டும் என்று ஓனர் சொல்லி, டிரம்மை மூடிவைத்துவிட்டு, கையால் தேய்க்க வேறு ஆள் போட்டார். வார் தைக்கிறவர்கள் அவரைப் பற்றிப் பேசும்போது, வேண்டுமென்றே கெடுத்தவள் என்றே பேச ஆரம்பித்தார்கள். நானும் அவர்களோடு உட்கார்ந்து, கேட்டுக்கொண்டே வார் தைத்தேன்.

பத்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏரியூருக்குப் பஸ் ஏறினேன். விசாரித்துக்கொண்டு போனேன். அக்கா யாருடைய காட்டிலோ கூலிக்கு நிலக்கடலை பறித்துக்கொண்டிருந்தார். வரப்பில் நின்றபடியே கடைக்காரர் சொன்னதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் செடியை உதறிக்கொண்டே கேட்டார். மன்னித்துவிடச் சொல்லிக் கேட்டேன்.

"எங்கிட்ட சொல்ல இம்மாந்தூரம் வந்தியா? எனக்குத்தான் தெரியுமே. அந்த நாலு பேரு முன்னால போயி சொல்லு."

சொல்கிறேன் என்றேன். அவர் அடுத்த செடிக்குப் போய்விட்டார்.

பென்னாகரத்தில் பஸ் மாறி உட்கார்ந்ததும் சொல்லவேண்டியதை இரண்டு மூன்று தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். பெரிய பேச்சு ஒன்றுமில்லை, இரண்டு வரிதான். சீசன் என்பதால் ஞாயிற்றுக்கிழமையும் பட்டறை திறந்திருந்தது. பஸ் அங்கே நின்றபோது வாசலில் நாலு பேரும் டீ குடித்துக்கொண்டிருப்பது ஜன்னல் வழியே தெரிந்தது. ஒருவன் என்னைப் பார்த்துக் கையசைத்தான். நானும் கையசைத்தேன்.

கண்டக்டர் இறங்கவில்லையா என்று கேட்டார். பாலக்கோட்டுக்கு ஒரு டிக்கெட் கொடுங்கள் என்றேன். என் துணிப்பை பட்டறையிலேயே கிடந்தது. அதை எடுக்க நான் போகவே இல்லை.