ஏழாவது நாற்காலி

இதை எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்தே பல வருஷங்களைக் கடத்திவிட்டேன். நான் எட்டாவது வரை படித்தவள். ஜெபக்கூட்டத்தில் எழுந்து நின்று சாட்சி சொல்லியிருக்கிறேன், எழுதிப் பழக்கமில்லை. அதுவும் இது வேறொரு பிள்ளையின் கதை. அவளிடம் கேட்காமல் எழுதக்கூடாது, கேட்கவும் வாய் வரவில்லை. போன கிறிஸ்துமஸுக்குப் பலகாரம் கொண்டுபோனபோது ஒருவழியாகக் கேட்டேன். "எழுதுங்கக்கா. நடந்ததை மட்டும் எழுதுங்க" என்றாள். ஆண்டவரை முன்னே வைத்து எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் சாயர்புரம். கல்யாணமாகித் தூத்துக்குடிக்கு வந்தேன். வீட்டுக்காரருக்கு ஹார்பரில் சுமை வேலை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் ஒரு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனத்தின் ஆபீசில் சமையலுக்கும் கூட்டிப் பெருக்கவும் சேர்ந்தேன். உப்பளத்துப் பெண்களுக்காக நடந்த ஆபீஸ் அது. வாசலில் நுழைந்ததும் ஆணும் பெண்ணும் சமம் என்று பெரிய படம் மாட்டியிருக்கும். உள்ளே ஆபீசை நடத்திய சாருக்கு ஏசி ரூம். அக்கவுண்டன்டுக்குத் தனி ரூம். பெண் என்று இருந்தது இரண்டு பேர்தான். சமையல்கட்டில் நான், ஹாலில் ஃபேன் காற்று எட்டாத மூலையில் அந்தப் பிள்ளை.

அவள் கடற்கரைப் பிள்ளை, மாதா கோவில் பிள்ளை. பி.ஏ. இங்கிலீஷ் படித்தவள். அவள் புருஷன் சங்கு குளிக்கப் போகிறவர். காதில் ஜவ்வு கிழிந்து, இனி கடலில் முங்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து வீட்டோடு இருந்தார். அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. அந்த வேலையும் வருஷா வருஷம் பங்குனியில் புதுப்பிக்கிற வேலை. ரொம்ப நாள் பிள்ளையில்லாமல் இருந்து, நவநாள் ஜெபம் சொல்லிச் சொல்லி, அந்த வருஷம்தான் உண்டாகியிருந்தாள். புதுப்பித்தால் சம்பளத்தோடு பிரசவ லீவு கிடைக்கும். இல்லையென்றால் வீட்டில் மூன்று வயிறும் காயும். இதில் அவளுடைய வேலை என்ன தெரியுமா? உப்பளத்துப் பெண்களை உட்காரவைத்து, பிரசவ லீவு உங்கள் உரிமை, கேட்டு வாங்குங்கள் என்று பாடம் நடத்துவது.

அவளும் கேட்டாள். நான் அப்போது டீ கொண்டுபோயிருந்தேன். சார் சிரித்தார். அவர் யாரையும் அதட்டிப் பார்த்ததில்லை, எதற்கும் சிரிப்புதான்.

"நாம என்ன கம்பெனியாம்மா? சேவை செய்யறோம். சேவைக்கு ஏது லீவு?" அப்புறம் அக்கவுண்டன்டைப் பார்த்து, "பாடம் நடத்த அனுப்புனா, இந்தப் பொண்ணு அதை நெசம்னு நம்பிடுச்சு பாருங்க" என்றார்.

அக்கவுண்டன்டுக்கு டீ புரையேறிவிட்டது.

"சரிம்மா, முகத்தைத் தொங்கப்போடாத. நமக்குப் பணம் தர்ற வெளிநாட்டு மேடம் வந்துட்டுப் போகட்டும், ரெனீவல் பேசுவோம்" என்று அனுப்பினார்.

அந்த அம்மா வருவதை ஒட்டி, கர்ப்பமாக இருந்த உப்பளப் பெண்களுக்குக் கூட்டு வளைகாப்பு வைத்தார்கள். ஏழு பேருக்கு ஏழு நாற்காலி. நான் விடியுமுன்னே போய்ப் புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தயிர்ச் சோறு எல்லாம் கிண்டி வைத்தேன். ஆறு பேர் வந்துவிட்டார்கள். ஏழாவது ஆளை, அன்று உப்பு வாருகிற நாள் என்று கங்காணி விடவில்லையாம். உட்கார்ந்திருந்தவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள்.

"ஏளா, ரெட்டைப்படையில உக்காந்து வளையல் போடுவாவளா?"

"எனக்கு முதப் பிள்ளை. நான் மாட்டேம்மா."

"அந்தக் கங்காணியக் கூட்டியாந்து உக்கார வைங்க. அவனுக்கும் வயிறு பெருசாத்தான் இருக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். முதல் பிள்ளைக்காரி மட்டும் சிரிக்காமல் எழுந்து செருப்பைத் தேடினாள். வாசலில் கார் வந்து நின்றது. சார் சுற்றுமுற்றும் பார்த்தார். சந்தனக் கிண்ணத்தோடு நின்ற அந்தப் பிள்ளைமேல் அவர் கண் நின்றது.

"நீயும் அப்படித்தானே இருக்க? போய் உக்காரு."

"சார், நான் ஸ்டாஃப்."

"அது மேடத்துக்குத் தெரியுமா? கழுத்துல கிடக்கற கார்டைக் கழட்டு. இங்கிலீஷ் வாயை மட்டும் திறந்துடாத. ரெனீவல் ஞாபகம் இருக்கட்டும்."

கார்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, போய் ஏழாவது நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அந்த வெள்ளைக்கார அம்மாவைக் குறை சொல்லமாட்டேன். தரையில் முட்டி போட்டு ஒவ்வொருத்திக்கும் வளையல் போட்டு, சேலை வைத்த பரிசுப் பையும் கொடுத்தார். இவளிடம் வந்ததும் கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ கேட்டார். இவள் தலையைக் குனிந்துகொண்டாள். பக்கத்தில் நின்ற சார் பதில் சொன்னார். அந்த அம்மாவின் கண் கலங்கிவிட்டது. இவள் கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். அப்படியே போட்டோ எடுத்தார்கள்.

பிறகு அந்தப் பிள்ளை சமையல்கட்டுக்கு வந்து அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து சிரித்தாள்.

"எக்கா, சார் என்ன சொன்னாருன்னு தெரியுமா? நான் பிறந்ததுல இருந்து இன்னைக்குத்தான் நாற்காலியில உக்காந்திருக்கேனாம்."

"நீ ஏன் வாயத் தொறக்கல?"

"தொறந்தா வயித்துல கிடக்கதுக்கு யாருக்கா சோறு போடுவா?" தயிர்ச் சோற்றை அள்ளித் தின்றாள். கை நிறைய வளையல் குலுங்கியது. "எங்கம்மை ஏழாம் மாசம் போடணும்னு ஆசையா இருந்தா. ஊரான் முந்திட்டான்."

நாங்கள் சகுனம் பார்க்கிறவர்கள் அல்ல. ஆனாலும் வளைகாப்பில் போட்ட வளையலைப் பேறு முடியும்வரை கழற்றுவதில்லை என்பது எங்கள் பக்கத்திலும் உண்டு, அவர்கள் பக்கத்திலும் உண்டு.

அந்தப் போட்டோ வெளிநாட்டுத் தலைமை ஆபீசுக்குப் போனது. அங்கே யாரோ முகத்தை அடையாளம் கண்டு, இது உங்கள் ஊழியர் அல்லவா, ஏழைகளுக்கு வைத்த பரிசை ஊழியர் எப்படி வாங்கலாம் என்று கேட்டுவிட்டார்கள். சார் பதில் போட்டார்: எங்களுக்குத் தெரியாமல் பரிசுக்கு ஆசைப்பட்டு உட்கார்ந்துவிட்டாள், விசாரிக்கிறோம் என்று.

விசாரிக்க அந்த ஆபீசில் இருந்தது சமத்துவக் குழு ஒன்றுதான். சார் தலைவர், அக்கவுண்டன்ட் உறுப்பினர், பெண் உறுப்பினர் அவளே. குற்றம் சாட்டப்பட்டவள் குழுவில் உட்காரக் கூடாது. பெண் இல்லாமல் குழு கூடவும் கூடாது. சார் சமையல்கட்டுக்கு வந்தார்.

"கையைக் கழுவிட்டு வாங்கம்மா. பத்து நிமிஷம் பெண் உறுப்பினரா இருந்துட்டுப் போங்க."

ஏசி ரூமில் என்னை உட்கார வைத்தார்கள். அவளை நிற்க வைத்திருந்தார்கள். நான் எழுந்து, "நீ உக்காரு தாயி" என்றேன்.

"விசாரணை நடக்குதும்மா. அவங்க நிக்கட்டும்" என்றார் சார்.

நான் உட்காரவில்லை. "சார், நீங்கதானே உக்காரச் சொன்னிய? என் ரெண்டு காதால கேட்டேன். அந்தப் பிள்ளை கார்டைக் கழட்டி என் கையிலதான் தந்தா. ஆண்டவருக்குப் பொதுவாச் சொல்லுதேன்."

சார் கோபப்படவே இல்லை. "ரொம்ப நல்லதும்மா. பெண்கள் இப்படித் தைரியமாப் பேசணும், அதுக்குத்தான் இந்தக் குழுவே" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு அக்கவுண்டன்டிடம், "ரெண்டு பேர் இந்தப் பக்கம், ஒருத்தர் அந்தப் பக்கம். முடிஞ்சுது" என்றார். பங்குனியோடு அவள் வேலை முடிந்தது.

அவள் பரிசுப் பையை மேஜைமேல் வைத்தாள். அதில் இருந்த சேலையைப் பிரிக்கக்கூட இல்லை. திரும்பினாள்.

"வளையல்?" என்றார் அக்கவுண்டன்ட்.

"பிள்ளை பிறக்குமுன்ன கழட்டக் கூடாது சார்."

சார் முன்னே சாய்ந்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். "அதெல்லாம் மூடநம்பிக்கைம்மா. பெண்களை அடிமையா வச்சிருக்கறதே இந்த மாதிரி சடங்குகள்தான். ட்ரெயினிங்ல நீயே சொல்லிக் கொடுத்திருக்கியே."

சமையல்கட்டில் பாத்திரம் கழுவுகிற தொட்டியில் அவள் கையைப் பிடித்துச் சோப்புப் போட்டேன். கர்ப்பத்தில் கை வீங்கியிருந்தது. கண்ணாடி வளையல், போட்டபோது வழுக்கிக்கொண்டு போனது, இப்போது எலும்பைத் தாண்ட மறுத்தது. அவள் "மாதாவே" என்றாள், நான் "இயேசப்பா" என்றேன். சில முழுசாக வந்தன. சில உடைந்து கையைக் கீறின. சோப்பு நுரை சிவந்தது. எங்கள் பக்கத்தில் ஒருத்தியின் வளையலை எப்போது உடைப்பார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். வீட்டில் காது கேளாமல் உட்கார்ந்திருந்த அவள் புருஷனை நான் நினைத்தேன். அவளும் நினைத்திருப்பாள்.

ஒன்று மட்டும் வரவே இல்லை.

மற்றதையெல்லாம் ஒரு சாப்பாட்டுத் தட்டில் வைத்து, உடைந்ததையும் சேர்த்து, அவளே கொண்டுபோய் வைத்தாள். சார் அவள் கையைப் பார்த்தார்.

"ஒண்ணு இருக்கே? சரி, இருக்கட்டும். நாங்களும் மனுஷங்கதானே."

அன்று மத்தியானமே அவள் மூலையில் கிடந்த நாற்காலியை ஏசி ரூமுக்குள் தூக்கிப் போட்டுவிட்டார்கள். அடுத்த மாதம் என் சமையலில் உப்பு சரியில்லை என்று என்னையும் நிறுத்தினார்கள்.

அந்தப் போட்டோ வீணாகவில்லை. அந்த வருஷப் புத்தகத்தின் அட்டையில் போட்டார்களாம், நாங்கள் கைதூக்கிவிட்ட உப்பளத் தாய் என்று. அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பேறு பார்த்த ஆயாவுக்கு வளையலைக் கொடுப்பது வழக்கம். அந்த ஒன்றைக் கழற்றிக் கொடுக்கப் போனாளாம். "ஒத்தை வளையலை வச்சு நான் என்ன செய்ய?" என்று ஆயா வாங்கவில்லையாம். இப்போது இறால் கம்பெனியில் ஐஸ் தண்ணீரில் கைவிட்டு இறால் உரிக்கிறாள். கை மறுபடியும் வீங்கித்தான் இருக்கிறது.

இதைப் படிக்கிறவர்கள் யாரிடமாவது சொல்லுவீர்களானால், உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், இருக்கிறபடியே சொல்லுங்கள். அவள் அழுதாள் என்று சேர்க்காதீர்கள். அவள் அழவில்லை. என்னைத் தைரியசாலி ஆக்காதீர்கள், நான் சொல்லி ஒன்றும் நடக்கவில்லை. சாரைக் கொடுமைக்காரர்போல மிரட்டிப் பேசவைக்காதீர்கள். அவர் கடைசிவரை சிரித்த முகமாகவே இருந்தார். அதை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.