அடுத்தவன் மின்சாரத்தில் ஓடிய முத்லக்கின் கார்

அம்மான் நகரில் மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் ஒரே பேச்சுதான். வீட்டில் சார்ஜ் போட்டால் எவ்வளவு, வெளியில் போட்டால் எவ்வளவு. மற்றவர்கள் பேசிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். முத்லக்குக்குப் பார்க்க வேலை கிடையாது. நிலத் தரகன். ஆண்டுக்கு இரண்டு மனை கைமாற்றிவிட்டால் போதும், மீதி நாளெல்லாம் தன் சீனக் காரைப் பற்றியே வாய் ஓயாது. இழவு வீட்டில் ஃபாத்திஹா ஓதி முடிக்கும் முன்னால் பக்கத்தில் இருப்பவன் காதில் யூனிட் விலையைச் சொல்ல ஆரம்பித்துவிடுவான்.

ஃபவ்வாஸுக்கு இவன் சின்னம்மா மகன். அந்த உறவை அவர் தானாக யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. மூன்றாம் வகுப்பைத் தாண்டாமல், மஆன் ஊரிலிருந்து ஒற்றை உளியோடு வந்தவர் அவர். இன்றைக்கு இரண்டு கல்லறுக்கும் பட்டறை, நான்கு மாடிக் கட்டடம். அவர் பட்டறையின் வெள்ளைக் கல் பதிக்காத தெரு அம்மானில் இருந்தால் யாராவது காட்டட்டும். மூத்த மகன் பெயரைச் சேர்த்து அபூ சாயில் என்று ஊர் கூப்பிடுவதில் பயமும் உண்டு, மரியாதையும் உண்டு. முத்லக்கையும் மகன் பெயரால் அபூ ஜவாத் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அதில் இரண்டும் கிடையாது.

காருக்கென்று தனி மீட்டர் வாங்கலாம். அதற்குக் கட்டுகிற பணம் முத்லக் கையை விட்டு வராது. அதனால் வீட்டு மீட்டரிலேயே காரை மாட்டினான். வீட்டு மீட்டருக்கோ விலை படிப்படியாக ஏறும். ஓர் அளவு வரை மலிவு, தாண்டினால் கூடுதல், அதையும் தாண்டினால் இன்னும் கூடுதல். கார் தின்ற தீனியில் மொத்த வீடும் மேல்படிக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. பெட்ரோல் பங்கில் போடலாம் என்றால் அங்கே மலிவுப் படியைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கேட்டார்கள். மனிதனாகப் பிறந்தவன் தனி மீட்டருக்குப் பணம் கட்டியிருப்பான். முத்லக் மனைவியின் ஹீட்டரைப் பிடுங்கினான். அந்த அம்மாள் ஜனவரிக் குளிரில் போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள். முற்றத்தில் கார் வயிறு நிறைந்து நின்றது.

அப்புறம்தான் அவனுக்கு அந்தப் புத்தி வந்தது.

"பைத்தியக்காரனுங்க! வீடா பங்க்கான்னு அடிச்சிக்கிறானுங்க. மூணாவது வழி ஒண்ணு இருக்கே, விருந்தாளி சார்ஜ்!" என்று அவனே பெருமையாகச் சொல்லித் திரிந்தான்.

வாசலுக்கு வந்த விருந்தாளியை நம் ஆட்களில் எவனும் எதற்காக வந்தாய் என்று கேட்பதில்லை. அந்த மானத்தின் மேல்தான் முத்லக் தன் மஞ்சள் வயரை மாட்டினான். அத்தை வீடு, மச்சான் வீடு, நோயாளி வீடு எதையும் விடவில்லை. ஃபவ்வாஸ் பட்டறைக்கு வாரம் தவறாமல் வருவான்.

"ஸலாம் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேண்ணே."

"எவ்வளவு நேரம்டா சொல்லப் போற?"

"எம்பது பர்சென்ட் வர்ற வரைக்கும்தான்."

ஃபவ்வாஸ் காப்பியை ஊற்றிக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். பட்டறை நாய்க்கும் அவர்தான் சோறு போடுகிறார். ஆனால் அது வாசலைக் காக்கிறது.

இந்த முத்லக்குக்குப் பிறந்தவன் ஜவாத் என்றால் நம்ப முடியாது. மருந்துக் கடையில் நாள் முழுக்க நின்று சம்பாதிக்கிற பையன். சல்த் ஊரில் தியாப் என்கிற ஓய்வுபெற்ற ராணுவக்காரரின் மகள் ரனீமை அவனுக்குப் பார்த்திருந்தார்கள். பெண்கள் பேசி முடித்தாயிற்று. ஆண்கள் கூட்டமாகப் போய் முறைப்படி கேட்க வேண்டியதுதான் பாக்கி. கூட்டத்தின் தலைவர் முதல் கோப்பைக் காப்பியை வாங்கிக் குடிக்காமல் முன்னால் வைப்பார். பெண் வீட்டார் பெண்ணைக் கொடுத்தோம் என்று சொன்னால்தான் குடிப்பார். ஃபவ்வாஸ் தலைமையில் போன எந்தக் கூட்டமும் கோப்பையை அப்படியே விட்டு எழுந்து வந்ததில்லை. ஜவாத் கேட்டுக்கொண்டதால் இதற்கும் அவர் ஒத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து கார்கள் வரிசையாகக் கிளம்பின. மாப்பிள்ளையின் தகப்பன் காரில் தலைவர் ஏற வேண்டும், ஏறினார். மலைப்பாதையில் குளிர் எலும்பைக் குடைந்தது.

"ஹீட்டரைப் போடுடா."

"போட்டா சார்ஜ் இறங்கிரும்ணே. அங்கிய நல்லா இழுத்துப் போத்திக்கங்க."

"வீட்டுலயே ரொப்பிட்டு வந்திருக்கலாம்ல?"

"போற எடத்துல பிளக் இல்லாமலா போயிரும்?"

பெண் கேட்கப் போகிற வீட்டிலுமா கைவைப்பான்? மாட்டான் என்று ஃபவ்வாஸ் நினைத்தார். முத்லக்கைக் குறைவாக எடைபோட்டுவிட்டார்.

தியாப் வீட்டுக் கூடம் நிறைய ஆட்கள். ஃபவ்வாஸ் கோப்பையை வாங்கி முன்னால் வைத்தார். அவர் எழுந்து பேசினால் கூடம் அடங்கிவிடும், அன்றும் அடங்கியது. பேசி உட்கார்ந்தார். பதில் சொல்ல தியாப் வாயைத் திறந்த நொடியில் விளக்கு, ஹீட்டர் எல்லாம் ஒன்றாகச் செத்தன. சமையலறையில் பெண்கள் கூச்சல் போட்டார்கள்.

பெண்ணின் தம்பி வெளியே ஓடிப் பார்த்துவிட்டு வந்தான். "வாப்பா, நம்ம ஜன்னல் வழியா வயர் போகுது. மாப்பிள்ளையோட வாப்பா கார்ல மாட்டியிருக்கு. அதான் லோடு தாங்காம விழுந்திருச்சு."

தியாப் பெரிய மனிதர். "மலையேறி வந்த களைப்புல அதுக்கும் பசிச்சிருக்கும். வயரக் கழட்டி வெச்சிட்டு சுவிட்சத் தூக்கி விடு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அதோடு முடிந்திருக்க வேண்டியது. முத்லக் வாயை மூடியிருந்தால்.

"கவலையே படாதீங்க சம்பந்தி. உங்க வீடு இன்னும் மலிவுப் படியிலதான் இருக்கு. போன மாசப் பில்லு எவ்வளவுன்னு ஜவாத் மூலமா பொண்ணுகிட்ட கேட்டுத் தெரிஞ்சிக்கிட்டுத்தான் வந்தேன். கல்யாணத்துக்கப்புறம் வெள்ளிக்கிழமைதோறும் மருமகளக் கூட்டிட்டு வருவேன். வீட்டுல போடறத விட, பங்க்ல போடறத விட இதுதான்..."

 ஜவாத் தரையைப் பார்த்தான்.

தியாப் மெதுவாகக் கேட்டார். "அபூ ஜவாத், என் பொண்ணு உங்க வீட்டுல குளிருக்கு ஹீட்டர் போட்டுக்கலாமா?"

அந்த மடையன் யோசித்தான். நிஜமாகவே கணக்குப் போட்டு யோசித்தான். "மாசக் கடைசியா இல்லேன்னா போட்டுக்கலாம்" என்றான்.

தியாப் ஃபவ்வாஸ் பக்கம் திரும்பினார். "காப்பி ஆறிப் போச்சு, அபூ சாயில்."

கூட்டத்தை எழுந்து போகச் சொல்கிறார் என்பது எல்லோருக்கும் விளங்கியது. ஃபவ்வாஸ் எழுந்தார், ஆனால் வாசல் பக்கம் நகரவில்லை.

"பொண்ணு கேட்டு வந்தது நான். இவனில்ல. என் கட்டடத்துல மூணாவது மாடி பூட்டிக் கெடக்கு. தனி வாசல், தனி மீட்டர். சாவி நாளைக்கு ஜவாத் கையில. உங்க பொண்ணு ராப்பகலா ஹீட்டரப் போட்டுக்கட்டும். இவன் மகனைப் பாக்க வரட்டும். வயரோட வந்தான்னா படியேற விடமாட்டேன்."

"அண்ணே, அங்க மீட்டர் எந்தப் படியில..." என்று முத்லக் ஆரம்பித்தான்.

"ஒக்காருடா!"

ஜவாத் எழுந்தான். "சும்மா வேணாம் பெரியவாப்பா. வாடகை குடுத்துத்தான் இருப்பேன்."

தியாப் மகளிடம் கேட்க உள்ளே போனார். திரும்பி வர வெகு நேரமானது. நேராக ஜவாத்திடம் வந்து நின்றார்.

"அந்தப் பில்லு எதுக்குன்னு ஒனக்கு முன்னாடியே தெரியுமான்னு கேக்குறா."

"தெரியாது மாமா. கல்யாணத்துக்கப்புறம் வீட்டுச் செலவு எவ்வளவு கூடும்னு பாக்கறாருன்னு நெனச்சேன். எதுக்குன்னு நான் கேட்டிருக்கணும். கேக்காம விட்டது என் தப்புதான்."

 தியாப் ஆறிய கோப்பையைத் தன் கையாலேயே எடுத்து மகனிடம் கொடுத்தார். "சூடா வேற ஊத்துடா. குடிங்க அபூ சாயில், பொண்ணக் குடுத்தாச்சு."

ஃபவ்வாஸ் ஒரே மடக்கில் குடித்தார். உள்ளே குலவைச் சத்தம் வீட்டை இடித்தது.

வெளியே வந்தபோது மஞ்சள் வயர் அழகாகச் சுருட்டி முத்லக்கின் கார் மேல் வைக்கப்பட்டிருந்தது. ஃபவ்வாஸ் அந்தக் காரில் ஏறவில்லை. மகன் சாயில் ஓட்டிய வண்டியில் ஏறிக்கொண்டார். ஜவாத்தும் அதிலேயே ஏறினான். வழியெல்லாம் மற்ற கார்கள் ஹாரன் அடித்துக் கொண்டாடின.

இறக்கத்தில் ஒரு பெட்ரோல் பங்க். முன்னால் கிளம்பிய முத்லக், இரண்டு டாக்சிகளுக்குப் பின்னால் சார்ஜ் வரிசையில், கைகளை அங்கிக்குள் ஒடுக்கிக்கொண்டு நடுங்கி நின்றான். சாயில் வேகத்தைக் குறைத்தான்.

"நிக்க வேணாம்ணே. வெளிய போட்டா எவ்வளவு கையக் கடிக்கும்னு இன்னைக்காவது தெரிஞ்சிக்கட்டும்" என்றான் ஜவாத்.

ஃபவ்வாஸ் கையை நீட்டி, மகனுக்கு முந்தி ஹாரனைத் தானே அழுத்தினார்.