தைத்து மூடிய பொக்கற்

பேய், செய்வினை என்று யாராவது கதைக்கத் தொடங்கினால் நான் எழும்பிப் போய்த் தேத்தண்ணி போடுகிற ஆள். மகனின் கையில் மச்சாள் கட்டிவிட்ட மந்திர நூலை, அவள் படி இறங்குவதற்குள் கத்தரிக்கோலால் வெட்டிக் குப்பையில் போட்டவள். அதனால் இதைச் சொல்லும்போது நீங்கள் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பீர்கள் என்று தெரியும். பாருங்கள். நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள், நடந்ததற்கு மேலே ஒரு சொல்லும் நான் கூட்டவில்லை.

வீடியோ கசெட் போய் டிவிடி வந்துகொண்டிருந்த காலம். ஜெர்மனியில், கொலோனில் உடுப்பு வெளுக்கிற கடை ஒன்றில் வேலை செய்தேன். படப்பிடிப்புகளுக்குச் சமைத்துக் கொடுக்கிற சிவம் அண்ணை வந்து, நகரத்துக்கு வெளியே ஒரு பழைய வீட்டில் நாடகம் எடுக்கிறார்கள், உடுப்புத் துப்புரவாக்க ஆள் தேவை, சில கிழமை வேலைதான், வாறியோ என்று கேட்டார். லீவு போட்டுவிட்டுப் போனேன்.

பள்ளிக்கூடங்களில் பாடமாகப் போட்டுக் காட்டுவதற்கான தொலைக்காட்சி நாடகம். உலகப்போரில் குண்டு விழுந்த நகரங்களிலிருந்து பிள்ளைகளைத் தாய் தகப்பனிடமிருந்து பிரித்து ரயிலில் ஏற்றி நாட்டுப்புறத்து விடுதிகளுக்கு அனுப்பினார்களாம், அங்கே கோப்பையில் போட்டதை முடிக்காமல் எழும்பினால் அடியாம். அதுதான் கதை. பிள்ளைகள் அறியவேண்டிய கதைதான், நானும் குண்டுக்குப் பயந்து ஊர்விட்டு ஊர் ஓடினவள், எனக்குத் தெரியாதா. எனக்கு அருவருத்தது கதை இல்லை, அதை எடுத்த விதம்.

முக்கியமான காட்சி சாப்பாட்டு மேசை. இயக்குநர் வீட்டுக்குள்ளும் சால்வையைக் கழற்றாத மனிதர், நானும் அண்ணையும் சால்வைக்காரன் என்றுதான் சொல்வோம். ஓட்ஸ் கஞ்சி அந்தக் காலத்துக் கஞ்சியாகவே இருக்கவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். உப்பில்லை, சீனியில்லை, விடியக் காய்ச்சி ஆறவைத்து, மேலே பாலாடை மஞ்சளாகத் தடித்துச் சுருங்கி நிற்கவேண்டும். கரண்டியால் தூக்கினால் அந்த ஆடை முழுசாக, ஈரத்துணி மாதிரித் தொங்கிக்கொண்டு வரும். சீ!

அதைச் சாப்பிடவேண்டியவள் ஹன்னா. பத்து வயது, மெலிந்த பிள்ளை. எத்தனையோ பிள்ளைகளோடு போட்டிபோட்டு இந்த வேடத்தை வென்றவள், டிவியில் வரப்போகிறேன் என்று வகுப்பு முழுவதுக்கும் சொல்லிவிட்டு வந்தவள். சால்வைக்காரன் அவளை நடிக்க விடவில்லை, உண்மையாகவே விழுங்கவைத்தார். கமெரா முகத்துக்குக் கிட்ட நிற்கும். பிள்ளை ஒரு சத்தமும் இல்லாமல் விழுங்கிவிடும், குமட்டாது, முகம் கோணாது. அதுதான் அந்த மனிதருக்குக் குறை. முகத்தில் அருவருப்பு வரவில்லையாம். திரும்பக் கோப்பையை நிரப்பு, திரும்ப எடு, திரும்ப நிரப்பு. பார்த்துக்கொண்டு நின்ற எனக்குத்தான் ஓங்காளித்தது.

எங்கள் தொழிலில் உடுப்பைத் தொட்டதும் முதல் வேலை பொக்கற்றை வெளியே இழுத்துப் பார்ப்பது. அன்று பின்னேரம், காட்சியில் ஹன்னா போட்டிருந்த கோட்டை எடுத்தேன். மூடிப்போன ஏதோ விடுதியின் சாமான்களோடு வாங்கிய, உண்மையிலேயே அந்தக் காலத்துக் கம்பளிக் கோட். கையை விட்டால் கை புதைகிறது. கஞ்சி. மென்று, எச்சில் கலந்து, ஆடை நூல்நூலாகப் பிரிந்துபோன கஞ்சி. அதுவும் வெதுவெதுப்பாக. விடியவே ஆறிப்போன கஞ்சி பின்னேரம் எப்படி வெதுவெதுப்பாக இருக்கும் என்று யோசிக்க எங்கே எனக்கு நேரம், கையை உதறிக்கொண்டு குழாயடிக்கு ஓடினேன். எத்தனை தரம் சவர்க்காரம் போட்டும் அந்தப் புளித்த பால் நாற்றம் நகத்துக்குள் நின்றது.

அடுத்த நாளும் அப்படித்தான். ஈரம் வெளியே ஊறிக் கறை தெரிந்ததும், உடுப்புகளுக்குப் பொறுப்பான ஹைகே போய்ச் சால்வைக்காரனிடம் சொல்லிவிட்டாள். அவர் பிள்ளையை எல்லோருக்கும் முன்னால் கூப்பிட்டு, ஏமாற்றுகிறாய், இன்னொருதரம் பொக்கற்றில் கஞ்சி கண்டால் வீட்டுக்குப் போகலாம், வேறு பிள்ளை எடுப்பேன் என்றார். ஹன்னா அழவில்லை. நான் எல்லாவற்றையும் விழுங்கினேன், நீங்கள் பார்த்தீர்கள்தானே என்று மட்டும் கேட்டாள். உண்மை. இரண்டு கையும் மேசையில் இருந்ததை எல்லோரும்தான் பார்த்தோம்.

குசினிக்குப் போய், சமைத்துக்கொண்டு நின்ற அண்ணையிடம் சொன்னேன்.

"அண்ணை, அந்தப் பிள்ளை ஒளிக்கேல்லை. நான் பாத்துக்கொண்டுதான் நிண்டனான்."

"அப்ப கஞ்சி தானா நடந்தே போனது?"

"பொக்கற்றைத் தைச்சு மூடப்போறன். அதுக்குப் பிறகும் பிள்ளையைப் பிழை சொல்ல ஏலாதெல்லோ."

"உனக்கேன் இந்தக் கோதாரி எண்டு சொன்னாலும் நீ கேக்கமாட்டாய். தை."

இரட்டை நூல் போட்டு, நெருக்கமாக, இரண்டு பொக்கற்றையும் கையாலேயே தைத்து மூடினேன். விடிய ஹைகேயிடம் காட்டினேன், இழுத்தும் பார்த்தாள். நானே பிள்ளைக்குக் கோட்டைப் போட்டுவிட்டேன், எடுத்து முடியும்வரை அவளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை, முடிந்ததும் நானே கழற்றினேன். கழற்றும்போது ஒரு பக்கம் கனத்தது. தையல் ஒன்றும் அறவில்லை, போட்டது போட்டபடி இருக்கிறது, உள்ளே கொழகொழவென்று ஏதோ அசைகிறது.

பிள்ளைமேல் பழி வரக்கூடாது என்ற ஒரே நினைப்பில், ஹைகேக்கும் சால்வைக்காரனுக்கும் முன்னால் வைத்து நூலை வெட்டினேன். பொத்தென்று நிலத்தில் விழுந்தது. அந்தக் குளிர் அறையில் அதிலிருந்து ஆவி எழும்பியது. ஹைகே வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள். அந்த மனிதர் என்ன செய்தார் என்று நினைக்கிறீர்கள்? குனிந்து பார்த்தார், கண் மினுங்கியது. தையல் அறவில்லை, பாருங்கள் என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொல்கிறேன், இலையானை விரட்டுகிற மாதிரிக் கையை ஆட்டினார். இதையே நாடகத்தில் வைப்போம், பிள்ளை கஞ்சியைப் பொக்கற்றில் ஒளிக்கிறாள், விடுதிக்காரி பிடித்து அதையே தின்னவைக்கிறாள், அருமை என்றார்.

அன்றைக்கே எடுத்தார்கள். ஹன்னா கமெராவுக்கு முன்னால் கஞ்சியை அள்ளிப் பொக்கற்றுக்குள் போட்டாள். பிறகு விடுதிக்காரி வேடம் போட்ட பெண் அதைக் கரண்டியால் தோண்டி, கம்பளி மயிர் ஒட்டியிருக்க, பிள்ளையின் வாய்க்குள் வைத்தாள். முதல்தடவையாக அந்த முகம் கோணியது. தொண்டை இழுத்தது. மேசை, கோட், கைகள் எல்லாவற்றின்மேலும் சத்தி எடுத்தாள். கமெராவை நிறுத்தவில்லை. இதுதான், இதுதான் என்று சால்வைக்காரன் மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டு நிற்கிறார், இன்னொரு கரண்டி வைக்கச் சொல்லிக் கையால் காட்டுகிறார். ஒரு மனிதனைப் பார்த்து எனக்கு அவ்வளவு அருவருப்பு அதற்கு முன்னும் வந்ததில்லை, பிறகும் வந்ததில்லை. நேரே நடந்து கமெராவுக்கு முன்னால் போய்ப் பிள்ளையைத் தூக்கினேன்.

"நீயெல்லாம் ஒரு மனிசனே?" என்று தமிழில்தான் கேட்டேன். அவருக்கு விளங்கியிருக்கும். என் வேலை அந்த இடத்திலேயே போய்விட்டது.

குழாயடியில் ஹன்னாவின் முகத்தைக் கழுவினேன். இத்தனை நாளும் கஞ்சி வாயில் வைத்ததும் இல்லாமல் போய்விடும், ருசியே தெரியாது, இன்றைக்குத்தான் ருசி தெரிந்தது என்றாள். வாய்க்குள்ளிருந்து யாரோ எடுத்துவிடுவது போல இருந்தது, இனி எடுக்கமாட்டார்கள், எல்லோரும் பார்த்துவிட்டீர்கள் என்றாள். பிறகு தாய்க்குத் தொலைபேசி எடுத்துக் கொடுக்கச் சொன்னாள். தாய் வந்து கூட்டிக்கொண்டு போனாள், பிள்ளை திரும்பி நடிக்கப் போகவில்லை. ஆனால் அந்தச் சத்தி எடுக்கிற காட்சி மட்டும் நாடகத்தில் இருக்கிறது என்று பிறகு அண்ணை சொன்னார். நான் பார்க்கவில்லை, பார்க்கவும் மாட்டேன்.

கோட்டை எறிந்துவிடச் சொன்னாள் ஹைகே. எறிய மனம் வரவில்லை, வீட்டுக்குக் கொண்டுவந்து துப்புரவாக்கினேன். பொக்கற் சுத்தமாக, காய்ந்து கிடந்தது. ஏன் என்று கேட்காதீர்கள், திரும்பவும் இரட்டை நூலால் தைத்து மூடி நிலவறை ஆணியில் கொழுவிவிட்டேன். அங்கே ஹீட்டர் இல்லை, பனிக்காலத்தில் சுவரே ஐஸாக இருக்கும். உருளைக்கிழங்கு எடுக்கப் போனால் தொட்டுப் பார்ப்பேன். மாதக்கணக்காக ஒன்றும் இருக்காது. சில நாள் கனத்துக்கொண்டு, வெதுவெதுப்பாக இருக்கும். புளித்த பால் மணக்கும். அன்றைக்கு எங்கே எந்தப் பிள்ளையை விழுங்கவைத்தார்களோ, எந்த வாயிலிருந்து வந்ததோ என்று நினைத்துக்கொண்டு கையைக் கழுவுவேன்.

போன கிழமையும் கனத்தது. தையலைப் பிரிக்கவில்லை, ஆட்கள் பார்த்துவிட்டால் பிறகு எடுக்கமாட்டார்கள் என்று ஹன்னா சொன்னாள்தானே. நீங்கள் வந்து கேட்டாலும் காட்டமாட்டேன்.