தட்டினால் கேட்கிற வண்டி

வேன் வாங்குவது என்று முடிவானதும் எங்கள் வீட்டில் இரண்டு கட்சி உண்டாகிவிட்டது. புது வண்டிக் கட்சிக்குத் தலைவர் என் கணவர். பழைய வண்டிக் கட்சி என்று ஒன்று அப்போது கிடையாது. அவர் எதைச் சொன்னாலும் ஒரு கேள்வி கேட்பது என் சுபாவம், அதனால் நான் எதிர்க்கட்சி. யாருக்காக வண்டியோ அவர் மட்டும் கட்டிலில் தலையணையை மடியில் வைத்து அதன்மேல் கவிழ்ந்து உட்கார்ந்திருந்தார், எந்தக் கட்சியிலும் சேரவில்லை. அவர் என் அப்பா. நான் நைனா என்று கூப்பிடுவேன்.

நைனா சாம்பியன் ரீஃப் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். சுரங்கத்தை மூடிப் பல வருஷம் ஆகிறது. அவர் நெஞ்சுக்குள் போன கல் தூசி மட்டும் இன்னும் ஷிப்டு முடியாமல் உள்ளேயே இருக்கிறது. மூக்கில் குழாய், பக்கத்தில் ஆக்ஸிஜன் சிலிண்டர். மல்லாந்து படுக்க முடியாது. கவிழ்ந்து உட்கார்ந்தால்தான் மூச்சு வரும். முன்பு பெங்களூரு ஆஸ்பத்திரிக்கு மாரிக்குப்பத்தில் ரயிலேற்றிக் கூட்டிப்போவேன். ரயில்படி ஏற முடியாமல் போனதும் வாடகைக் கார். அந்தக் கார் ஒருநாள் கோலார் தாண்டிப் புகை கக்கி நின்றுவிட்டது. வெயிலில் நைனா, கையில் சிலிண்டர், அதன் முள் இறங்கிக்கொண்டே இருக்கிறது. வேறு வண்டி கிடைப்பதற்குள் என் கணவர் ரோட்டின் நடுவில் நின்று கையெடுத்துக் கும்பிட்டு லாரிகளை மறித்தார். அன்றைக்கு வந்த பயம்தான் அவரைப் புது வண்டிக் கட்சியில் சேர்த்தது. அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. நைனாவின் வேலை, கேஜுக்கு மணி அடிப்பது. ஆட்களை ஏற்றி இறக்கும் இரும்புக் கூண்டுதான் கேஜ். அது பூமிக்குள் எங்கே இருக்கிறது என்று மேலே இஞ்சின் ஓட்டுகிறவருக்குக் கண்ணால் பார்க்க முடியாது. மணிச் சத்தம்தான் அவருக்குக் கண். ஒரு அடி என்றால் நிறுத்து. மூன்று அடி என்றால் ஆள் இருக்கு, பார்த்துப் போ. கீழிருந்து மூன்று போனால் மேலிருந்து மூன்று பதில் வர வேண்டும். பதில் வராமல் கேஜ் நகரக் கூடாது. சுரங்கத் தொழிலாளிகளுக்குக் கட்டின எங்கள் லைன் வீடுகளில் பிள்ளைகள் இதைப் பள்ளிக்கூடம் போகுமுன்னே தெரிந்துகொள்ளும். பேசுவதற்கு மூச்சைச் செலவழிக்க முடியாமல் போனபின், நைனா வீட்டிலும் மணிக்குத் திரும்பிவிட்டார். நூல் சுற்றி இறுக்கிய கல்யாண மோதிரத்தால் கட்டில் இரும்பில் ஒன்று தட்டினால் நான் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவேன். மூன்று தட்டினால், ஒன்றுமில்லை, இருக்கிறேன் என்று அர்த்தம். நான் அடுப்படியிலிருந்து கரண்டியால் மூன்று பதில் கொடுப்பேன். காட்பாடியிலிருந்து வந்த என் கணவருக்கு இது விளையாட்டு. பேக்டரி ஷிப்டு முடிந்து தூங்கும்போது கேட்டால் தொல்லை.

புது வண்டியைப் பார்க்க நைனாவையும் அழைத்துக்கொண்டு கோலார் ரோட்டு ஷோரூமுக்குப் போனோம். வண்டி நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன், எனக்கும் ஆசை வந்தது. சீட்டெல்லாம் பாலிதீன் உறைக்குள், உள்ளே சுற்றிலும் மெத்தை வைத்த பிளாஸ்டிக். நைனா பின் சீட்டில் தலையணையோடு கவிழ்ந்தார். நானும் கணவரும் நடு சீட்டில். ஷோரூம் பையன் ஓட்டினான். வெளிச் சத்தம் ஒரு பொட்டு உள்ளே வராது என்று பெருமையாகச் சொல்லி, அதை நிரூபிக்கப் பாட்டும் போட்டான். கணவர் எல்லாவற்றையும் விசாரித்தார், ஸ்டெப்னி முதல் சர்வீஸ் வரை. நான் என் சீட்டை எவ்வளவு பின்னால் தள்ளலாம் என்று இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சீட்டு சௌகரியமா என்று கேட்கத் திரும்பினேன். நைனாவின் வாய் திறந்திருந்தது, உதடு நீலம். மோதிரக் கை கதவு மெத்தையில் அடித்துக்கொண்டிருந்தது, அடிக்கிற சத்தம் இல்லை. நான் தள்ளிய சீட்டு நகரும் இரும்புத் தடத்தில் அவர் மூக்குக் குழாய் மாட்டி நசுங்கியிருந்தது.

நிறுத்து என்று நான் போட்ட கூச்சலில் அந்தப் பையன் வண்டியைப் பள்ளத்தில் இறக்கிவிட்டான். குழாயை விடுவித்து, முதுகைத் தடவி, நெஞ்சு ஏறி இறங்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தேன். பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நைனாவுக்குப் பேச்சு வந்ததும் என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

"எத்தினி தபா அடிச்சேன் தெரியுமா? உனுக்குக் கேக்கவே இல்ல."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் ஆச்சரியமாகச் சொன்னார். மணி அடித்து மேலே கேட்காமல் போனது அவர் அனுபவத்தில் இல்லாத காரியம்.

வீட்டுக்கு வந்ததும் கணவர் வழி சொன்னார். குழாய்க்குக் கிளிப் போடலாம், கூப்பிடுவதற்கு ஒயர் இல்லாத காலிங் பெல் வைக்கலாம். மறுநாளே ராபர்ட்சன்பேட்டையில் ஒன்று வாங்கியும் வந்துவிட்டார். பித்தானை அமுக்கினால் குருவி கத்தும். நைனா ஒருமுறை அமுக்கினார். குருவி கத்தியது. "குருவி கத்துனா கேஜ் நிக்குமா?" என்றார். கணவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு அந்த வாரத்தோடு போயிற்று. ஒரு சாயங்காலம் கட்டில் இரும்பு ஒற்றைத் தட்டாகத் தட்டிக்கொண்டே இருந்தது. நான் ஓடினேன். இருமலில் கை நடுங்கிப் பித்தான் கட்டிலுக்கடியில் விழுந்து கிடந்தது. மோதிரம் விரலில் இருந்தது.

பழைய வண்டிக் கட்சி அன்றைக்குத்தான் பிறந்தது.

பூதிகோட்டையில் ஒருவர் பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். பெரிய வண்டி வாங்கப்போவதால் இதை விற்கிறார் என்று கேள்விப்பட்டு, மூவரும் போனோம். உள்ளே அலங்காரம் ஒன்றும் கிடையாது. பின்பக்கம் முழுக்க மொட்டைத் தகரம், அதில் பிள்ளைகள் காம்பஸ் முள்ளால் கிறுக்கிய படங்கள். ஓட்டுகிறவர் சீட்டுக்குப் பின்னால் பிடித்துக்கொள்ள ஒரு இரும்புக் குழாய். நைனாவைப் பின்னால் ஏற்றி, நானே ஓட்டினேன். பங்காருபேட்டை ரோடு வரை வண்டி கடகடத்தது. பக்கத்தில் கணவர் காதைத் தீட்டிக்கொண்டு ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு நோய் சொன்னார். இது கிளட்ச், இது பேரிங், சூடு காட்டும் முள் பாதிக்கு மேலே நிற்கிறது பார்.

அத்தனை கடகடப்புக்கு நடுவே பின்னால் டங் என்று ஒன்று.

என் கால் எனக்கு முன்னால் பிரேக்குக்குப் போனது. கணவரின் நெற்றி கண்ணாடியில் இடித்தது. திரும்பினால் நைனா மோதிரக் கையைத் தகரத்தின்மேல் வைத்துக்கொண்டு சிரிக்கிறார். அந்த மனிதர் சிரித்து நான் பார்த்துப் பல மாதமாகியிருந்தது. பிறகு நிதானமாக மூன்று தட்டினார். காத்திருந்தார். நான் கதவுத் தகரத்தில் மூன்று தட்டியதும் தலையை ஆட்டினார்.

"இது போதும் பாப்பா."

கணவருக்குப் போதவில்லை. லைனுக்குத் திரும்பி நைனாவைப் படியேற்றிவிட்டு வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார். நெற்றி புடைத்திருந்தது, அதுவும் அவர் பக்கம் ஒரு சாட்சி. அன்றைக்கு லாரிக்காரன் ஒவ்வொருத்தனையும் கும்பிட்டது நான், நீயில்லை என்றார். அவர் குரல் உடைந்தது. ஆனாலும் நான் விடவில்லை.

"நடு ரோட்டுல இது நின்னுச்சின்னா இன்னா பண்ணுவ?" என்று கேட்டார்.

"வண்டி நின்னா எனக்குத் தெரியும். நைனாவுக்கு மூச்சு நின்னா புது வண்டியில எனக்குத் தெரியாதுங்க."

அந்த வாரமே பள்ளிக்கூட வேனை வாங்கிவிட்டோம். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து எங்கள் சபை பாஸ்டர் வேனுக்கு ஜெபம் பண்ண வந்தார். புது வண்டிகளுக்கு அவர் சுருக்கமாக முடிப்பது வழக்கம். எங்கள் வேனைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு ஜெபத்தை நன்றாகவே நீட்டினார். கணவரின் ஆமென்தான் கூட்டத்தில் சத்தமான ஆமென்.

வண்டி சில மாதம் மானத்தைக் காப்பாற்றியது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கணவர் லீவு எடுத்துக் கூடவே வருவார், முள்ளைப் பார்த்துக்கொண்டே வருவார். பேச்சு குறைந்திருந்தது. வண்டியைப் பற்றிய பேச்சு அடியோடு இல்லை.

மழைக் காலத்தில் ஒரு காலை, கணவர் முதல் ஷிப்டுக்குப் போனபின், நைனாவுக்கு மூச்சு கட்டிக்கொண்டது. ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணினேன், அது மாலூர் பக்கம் போயிருக்கிறது, காத்திருங்கள் என்றார்கள். காத்திருக்கிற முகமாக இல்லை அவர் முகம். அக்கம்பக்கத்தார் கைகொடுத்துத் தூக்கி ஏற்றினார்கள். கணவரின் பேக்டரி நரசாப்பூரில், பெங்களூரு போகிற வழிதான். போனில் சொன்னதும், ரோட்டில் வந்து நிற்கிறேன் என்றார். அதுவரை நானும் நைனாவும் மட்டும்.

கிளம்புமுன் மூன்று தட்டினார். பதில் கொடுத்து எடுத்தேன். பங்காருபேட்டை ரயில் கேட் தாண்டும்போது மூன்று. கோலாருக்குள் மூன்று. ஒவ்வொரு தரமும் முன்னதைவிட மெலிந்திருந்தது, ஆனால் வந்தது. சூட்டு முள் பாதியைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது.

பெரிய ரோட்டில் ஏறியதும் மழை பிடித்துக்கொண்டது.

மொட்டைத் தகரத்தில் மழை விழுந்தால் என்ன ஆகும் என்று நான் யோசித்ததே இல்லை. கணவரும் யோசிக்கவில்லை, யோசித்திருந்தால் அன்றே சொல்லி ஜெயித்திருப்பார். கூரையில் யாரோ மூட்டை மூட்டையாக ஜல்லி கொட்டுவதுபோல இருந்தது. என் இருமலே எனக்குக் கேட்கவில்லை. கண்ணாடியில் பார்த்தால் சிலிண்டரின் கழுத்து மட்டும் தெரிகிறது, கவிழ்ந்திருக்கிற ஆள் தெரியவில்லை. இரண்டு பக்கமும் லாரி, ஒதுங்க இடமில்லை. நான் கதவுத் தகரத்தில் மூன்று அடித்தேன்.

பதில் இல்லை.

மடியில் கிடந்த வீட்டுச் சாவிக்கொத்தை எடுத்து அடித்தேன். நைனா என்று கத்தினேன். மழைதான் கேட்டது. இந்த வண்டிதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவள் நான். புது வண்டியாக இருந்தால் மழை கேட்டிருக்காது என்று அப்போது தோன்றியது. இடது பக்க விளக்கைப் போட்டு, லாரிக்காரன் திட்டினாலும் சரி என்று மெல்ல மெல்ல ஓரம் ஒதுங்க ஆரம்பித்தேன்.

அப்போது முதுகில் ஒன்று இடித்தது.

சத்தம் இல்லை, அதிர்வு. சீட்டுக்குப் பின்னால் இருக்கிற அந்தப் பிடி குழாய் அதிர்ந்து, சீட்டின் வழியாக என் முதுகெலும்புக்கு வந்தது. இரண்டு. கொஞ்சம் இடைவெளி. மூன்று. தகரத்தில் அடித்துக் கேட்காது என்று தெரிந்து, தலையணையை இழுத்துக்கொண்டு என் சீட்டுக்குப் பின்னாலேயே நகர்ந்து வந்திருக்கிறார் அந்தக் கிழவர், நடக்கவே மூச்சில்லாதவர். நான் அழுதுகொண்டே கதவை அடித்தேன். வழியெல்லாம் என் முதுகு கேட்டுக்கொண்டே போனது.

நரசாப்பூரில் என் கணவர் குடையில்லாமல் நின்றுகொண்டிருந்தார். நான் முன்கதவைத் திறந்துவிட்டேன். அவர் அதைப் பார்க்கவில்லை. முள் எங்கே நிற்கிறது என்றும் கேட்கவில்லை. பின்கதவை இழுத்து ஏறி, நனைந்த சட்டையோடு நைனாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவரைத் தோளில் சாய்த்துக்கொண்டதைக் கண்ணாடியில் பார்த்தேன். கதவைச் சாத்தினார். நான் கியரில் கை வைத்துக் காத்திருந்தேன்.

மூன்று அடி விழுந்தது. நைனாவுக்கு அவ்வளவு பலம் கிடையாது. மழையையும் மீறிக் கேட்டது.

நான் பதில் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தேன்.