சீட்டில் என் பெயர்

எண்பத்தைந்தில், டென்மார்க்கில், எங்கள் அகதி முகாமுக்குப் பக்கத்துக் கடற்கரையில் அந்த ஊர் மனுசி ஒருவரைச் சந்தித்தேன். காதுவரை இழுத்த தொப்பி, கையில் சுத்தியல். கல்லாகிப்போன கடற்பிராணிகளைப் பொறுக்கி, எடுத்தவர் பெயரைச் சீட்டில் எழுதி ஒட்டுவார். அரைகுறை ஆங்கிலத்தில் கதைத்துச் சிநேகிதமானோம்.

ஒருநாள் ஐந்து கோடு போட்ட, உருண்டையான அப்படியொரு கல் எனக்குக் கிடைத்தது. சீட்டில் எழுதப் பெயர் கேட்டார். முகாமில் சொல்லிப் பழகியபடி கணவரின் பெயரைச் சொன்னேன்.

"அவரோ குனிஞ்சு எடுத்தவர்?"

"இல்லை, நான்தான்."

"நூற்றைம்பது வருசத்துக்கு முந்தி இங்கிலாந்துக் கடற்கரையிலை சிநேகிதிகள் ரெண்டு பேரும் இப்பிடித்தான் கல்லுத் தேடித் திரிஞ்சவை. கல்லை வாங்கின துரைமார் தங்கடை பேரைப் போட்டவை. உங்கடை பேரைச் சொல்லுங்கோ."

சொன்னேன்; எழுதிக் கல்லில் ஒட்டினார். அந்த நாட்டில் என் பெயருக்கென்று எழுதப்பட்ட முதல் கடதாசி அந்தச் சீட்டுத்தான். இவ்வளவு சொன்ன மனுசியின் பெயரை நான் கேட்டுவைக்கவில்லை, பாருங்கள்.