மாப்பிள்ளை அறைக் கதவில் ஒரு செட்டை

அந்தக் கதவுக்காக நான் இன்றுவரை யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கும் எண்ணமும் இல்லை.

எங்கள் கரையோர ஊர்களில் பெண்பிள்ளை பிறந்தால் வாப்பாமார் அடுத்த மாதமே கல்லும் மணலும் விசாரிக்கத் தொடங்கிவிடுவார்கள். மகளுக்கு ஒரு வீடு கட்டினால்தான் மாப்பிள்ளை வருவார்; வந்து அந்த வீட்டிலேயே குடியிருப்பார். எனக்கும் கட்டினார்கள், எங்கள் வீட்டு வளவின் பின்பக்கத்தில். ஏ.எல். படிக்கும்போது அத்திவாரம், கம்பஸுக்குப் போனபோது கூரை, இறுதி வருடத்தில் டைல். "மகள்ட ஊடு" என்று வாப்பா வருவோர் போவோருக்கெல்லாம் காட்டுவார். மகளிடம் கேட்டது ஒன்றே ஒன்று: டைல் என்ன நிறம்? சாம்பல் என்றேன். ரோஸ் பதித்தார்கள்.

அந்த ரோஸ் டைல் வீட்டுக்கு ஒரு நாள் நான் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். கண்டியில் யாரோ பழைய சாமான்களை விற்கிறார்கள் என்று பேஸ்புக்கில் கண்டு, டியூஷன் கொடுத்து வந்த காசில் வாங்கியது. சின்னப் பிளேன் ஒன்றைக் கட்டுகிற சாமான்கள் அடங்கிய பெட்டி; அதற்கு வாப்பாவின் வயதிருக்கும். உள்ளே பஞ்சு போல் பாரமில்லாத பால்சா மரப் பலகைகள், அவற்றில் அச்சிட்ட, செட்டைக்குள், அதாவது இறக்கைக்குள், வைக்கிற சின்னச் சின்ன விலா எலும்புகள், மஞ்சளாகிப்போன ஒரு வரைபடம். எஞ்சின் இல்லை. செய்முறைத் தாளின் முதல் வரியே பையன்களை விளித்துத்தான் தொடங்கியது. அந்த வரியை நான் பேனையால் வெட்டினேன். மிச்சத்தை மனப்பாடம் செய்தேன்.

இது ரிமோட்டில் பறக்கிற சாமான் இல்லை. பிளேனின் இடது செட்டையிலிருந்து இரண்டு மெல்லிய உருக்குக் கம்பிகள் வரும். அவை முடிகிற கைப்பிடி என் கையில் இருக்கும். மணிக்கட்டை மேலே சாய்த்தால் பிளேன் மூக்கைத் தூக்கும், கீழே சாய்த்தால் இறக்கும். அது என்னைச் சுற்றி வட்டமடிக்க, நடுவில் நின்று நானும் அதோடு கிறுக வேண்டும். யூடியூப்பில் முதல் தரம் பார்த்தபோதே எனக்குக் கை அரித்தது.

எஞ்சினுக்குப் பதில் ஒரு மோட்டர் கிடைத்தது. கலியாண வீடுகளில் படம் பிடிக்கிற ட்ரோன் ஒன்று தென்னையில் மோதிச் செத்துப்போயிருந்தது. அதன் நாலு மோட்டரில் ஒன்றுதான் தப்பியது. ஒரு நிமிடத்தில் தானாக நிற்கும்படி நானே ஒரு சர்க்கிட் செய்தேன். கம்பி, தூண்டில் சாமான் விற்கும் கடையில். எல்லாம் சரி. செட்டையைப் பொருத்த ஒரு தட்டையான இடம்தான் இல்லை.

செட்டை கட்டும்போது கீழே இருப்பது துளி வளைந்தாலும் செட்டையும் அதே மாதிரி முறுகிவிடும். பிறகு அது பறக்காது, விழும். சாப்பாட்டு மேசையில் அடிமட்டத்தை வைத்துப் பார்த்தேன். நடுவில் பள்ளம். டைலில் வைத்துப் பார்த்தேன். அதைப் பற்றி வாப்பாவிடம் சொல்லாமல் விட்டது என் பெருந்தன்மை. கடைசியில் மாப்பிள்ளை அறைக்கென்று, தச்சு வேலை செய்கிற ஓடாவி மாமா கொண்டுவந்து இரண்டு மர வாங்குகளின் மேல் படுக்கப்போட்டிருந்த கதவில் வைத்தேன். மினுமினுவென்று, ஒரு மயிர்கூட நுழையாத தட்டை.

அதன் மேல் வரைபடத்தை விரித்து, தடிகளையும் விலா எலும்புகளையும் அடுக்கி, வெள்ளைப் பசை பூசி, அசையாமல் பின் குத்தினேன். குண்டூசி வளைந்துபோனது. ஸ்கார்புக்குக் குத்துகிற பின், அந்த முத்துத் தலை உள்ளது, சின்னச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் கதவில் கம்மென்று இறங்கியது. எண்பது, தொண்ணூறு பின் போனது. மூன்றாம் நாள் உம்மா மவ்லூது வீடு ஒன்றுக்கு வெளிக்கிட்டு நின்று கத்தினா:

"ஊட்டுல ஒரு பின்னும் இல்லியேகா! நான் என்ன, ஸ்கார்பப் பசை போட்டா ஒட்டுற?"

பிறகு தேடிக்கொண்டு பின்வளவுக்கு வந்தா. கதவைப் பார்த்தா. நீலமும் சிவப்பும் வெள்ளையுமாகத் தன் பின்கள் எல்லாம் வரிசையில் நிற்பதைப் பார்த்தா. ஓரத்தில் நின்ற இரண்டைப் பிடுங்கி ஸ்கார்பில் குத்திக்கொண்டு, "வாப்பா காணக்குள்ள நான் ஊட்டுல இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனா.

வாப்பா அன்று பின்னேரமே கண்டார்.

"மகள், வெள்ளிக்கிழமை அசறுக்குப் பிறகு மாப்பிள்ளை ஊட்டாக்கள் ஊடு பாக்க வாறாங்க. கதவு எனக்கு நாளைக்கு வேணும்."

"பசை காயணும் வாப்பா. செட்டை முழுக்கச் சேர்ந்த பிறகுதான் கழட்டலாம்."

"புதுக் கதவுல ஆணி அடிச்சிரிக்கிறாய். விசரா உனக்கு?"

"ஆணி இல்ல, பின். இது ஆருட ஊடு வாப்பா?"

"உன்ட ஊடு."

"அப்ப கதவு?"

அவர் கதவின் விளிம்பை ஒரு தரம் தடவினார். "ஊட்டை எழுதிக் குடுக்கிற மட்டும் கதவு என்ட" என்றார்.

நான் கழட்டவில்லை. அடுத்த நாள் கம்பஸுக்குப் போகும்போது அறைக்கு முன்னால் ஒரு கடதாசி ஒட்டினேன்: யாரும் தொட வேண்டாம். ஓடாவி மாமா அதைத் தனக்கென்று நினைக்கவில்லை. கதவு செய்தவரே அவர்தானே.

ஒலுவில் கம்பஸிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி அறைக்குள் நுழைந்தபோது அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நல்ல காரியம் செய்தவரின் சிரிப்பு.

"புள்ள, உன்ட செட்டையில இடப்பக்கம் ஒரு இஞ்சி நீளம் கூட இரிந்திச்சி. கண்டாப்போல எனக்குப் பொறுக்கல்ல. வெட்டிச் சரிபண்ணிட்டன்."

இடது செட்டையின் நுனி இல்லை. கதவின் மேல் மரவாளின் சுத்தமான ஒரு வெட்டு, சரியாக ஒரு அங்குலம் உள்ளே.

இந்த வகைப் பிளேனில் இடது செட்டை நீளமாகத்தான் இருக்க வேண்டும். வட்டத்தில் ஓடும்போது வெளிச் செட்டை பெரிய வட்டம் போகும், வேகமாக. உள்ளே இருப்பது மெதுவாக. அதோடு கம்பிகளின் பாரமும் உள்ளே இருப்பதன் மேல்தான். இரண்டும் ஒரே அளவு என்றால் உள்பக்கம் சரிந்து, கம்பி தொய்ந்து, பிளேன் என் தலையில் வந்து இறங்கும். நாற்பது வருடம் கதவும் ஜன்னலும் செய்த ஒரு மனிதரின் கண்ணுக்கு அது பிழையாகத் தெரிந்ததில் அதிசயமே இல்லை. அதையெல்லாம் அப்போது நான் நிதானமாகச் சொல்லவில்லை. சத்தம் போட்டேன். வெட்டிய துண்டை மரச் சீவலுக்குள் தேடினோம். அவருடைய செருப்பின் கீழே இருந்தது, அப்பளம் மாதிரி.

நான் ஒரு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து, கம்பியையும் வட்டத்தையும் டைலில் பென்சிலால் கீறி அவருக்கு விளங்கப்படுத்தினேன். அவர் நாலு தரம் கேட்டார். விளங்கியதும் தன் தலையில் தானே தட்டினார்.

"அப்ப பிழையான அளவுதான் சரியான அளவு. சொல்லியிருக்கலாமே மகள்."

"கடதாசி ஒட்டினேனே!"

"அது மத்தாக்களுக்கு எண்டு நினைச்சன்."

பெட்டியில் அந்த அளவுக்குப் பால்சா மிச்சமில்லை. அடுத்த நாள் அவர் முள்முருக்கு மரத் துண்டொன்றைக் கொண்டுவந்து, இழைத்து இழைத்துக் கடதாசி மாதிரி ஆக்கினார். அதில் நான் நுனியை வெட்டி ஒட்டினேன். பால்சாவைவிடப் பாரம் கூட. அதனால் வலது நுனியில் வைக்க வேண்டிய தூண்டில் ஈயத்தையும் கூட்டினேன். மீண்டும் பசை, மீண்டும் பின்.

வியாழக்கிழமை வாப்பா வந்து, கதவை இப்போதே மாட்டு என்றார்.

"பசை காயல்ல ஹாஜியார்" என்றார் ஓடாவி மாமா. "இப்பத் தூக்கினா செட்டை முறுகிப்போகும்."

"நான் கதவக் கேக்கிறன், நீ செட்டையக் கதைக்கிறாய்!"

"ஒரு தரம் பிழை விட்டுட்டன். மறுகா விடமாட்டன்."

சொல்லிவிட்டு அவர் சாமான் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். கதவை மாட்டுகிற பிணைச்சல்களும் அந்தப் பைக்குள்தான்.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளையின் உம்மாவும் இரண்டு சாச்சிமாரும் வந்தார்கள். கதவில்லாத அறைக்குள் வாங்குகளின் மேல் கதவு, அதன் மேல் செட்டை, அதன் மேல் உம்மா அவசரமாகப் போட்ட பூப்போட்ட மேசைவிரிப்பு. ஸ்கார்ப் பின்கள் அதன் கீழே குட்டிக் குட்டியாகத் துருத்திக்கொண்டு நின்றன. சாச்சிமார் குசினியை அளந்தார்கள், அலுமாரி எங்கே வரும் என்று பார்த்தார்கள். மாப்பிள்ளையின் உம்மா நேராக வந்து விரிப்பைத் தூக்கினா.

"இது என்ன புள்ள?"

"பிளேன், மாமி. செட்டை மட்டும். உடம்பு அந்தா ஜன்னல்ல இரிக்கி."

"ஆரு செய்ற?"

"நான்தான்."

அவ என் உம்மாவைப் பார்த்தா. உம்மா ஷர்பத் கிளாசைப் பார்த்தா.

"சரி, இப்ப செய்றாய். நாளைக்கு மாப்பிள்ளை வந்தா இத எங்க வைக்கிற?"

கேள்வி பிழையில்லை. அறை சின்னது. ஆனால் எட்டு வருடமாக ஆட்கள் என் வீட்டில் எது எங்கே இருக்கும் என்று கதைத்துக்கொண்டிருக்கிறார்கள். ரோஸ் டைலின் மேல் நின்றுகொண்டு நான் சொன்னேன்:

"இது இஞ்சதான் இரிக்கும் மாமி. மாப்பிள்ளைக்குத்தான் இடம் பாக்கணும்."

ஒரு சாச்சிக்கு ஷர்பத் மூக்கில் ஏறியது.

அன்றிரவு வாப்பா என்னோடு கதைக்கவில்லை. சனி, ஞாயிறும் கதைக்கவில்லை. திங்கட்கிழமை அவர்களிடமிருந்து போனில் சேதி வந்தது. வீடு பிடித்திருக்கிறதாம். புள்ளைக்கு வாய் கொஞ்சம் கூடவாம், பரவாயில்லையாம். ஆனால் அந்த விளையாட்டை விட வேண்டுமாம், ஓட்டை விழுந்த கதவை மாற்றிப் புதுக் கதவு போட வேண்டுமாம்.

நான் அறைக்குள் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வேண்டாம் என்று சொல்ல என்னிடம் முழுப் பேச்சே தயாராக இருந்தது. வாப்பா என்னை முந்திவிட்டார்.

"புதுக் கதவா?" போனில் அவருடைய குரல் வளவு முழுக்கக் கேட்டது. "அது நான் பலகை பலகையாப் பாத்து எடுத்த கதவு. என்ட ஊட்டுக் கதவுல குத்தம் சொல்ல நீங்க ஆரு? கதவும் மாறாது, ஒண்டும் மாறாது. ஸலாம்."

அவர் எனக்காகக் கோபப்படவில்லை, கதவுக்காகத்தான் கோபப்பட்டார். எனக்கு அது போதும். சம்பந்தம் அன்றோடு முடிந்தது.

பிறகு நான் செட்டையைக் கழட்டினேன். பட்டக் கடதாசி ஒட்டி, கதவுக்குப் பூசுகிற அதே சீலரை மூன்று தரம் பூசினேன். காய்ந்ததும் தட்டினால் பறை மாதிரிச் சத்தம் வந்தது. இடப்பக்கம் ஒரு இஞ்சி நீளம் கூட.

பறக்கவிட மைதானத்துக்குப் போகலாம் என்றால் அங்கே எந்நேரமும் பொடியன்மாரின் கிரிக்கெட். கடற்கரையில் காற்று நிற்காது. சவளக்கடைப் பக்கம் வாப்பாவின் நெல் வட்டையில் வெள்ளாண்மை வெட்டி முடிந்திருந்தது. நெல் சூடடிக்கிற களவெட்டி இறுகிக் காய்ந்து வட்டமாகக் கிடந்தது. விடிகிற வெள்ளாப்போடு உம்மாவை முன்னால் ஸ்கூட்டியில் அனுப்பி, நான் பிளேனோடு ஆட்டோவில் போனேன். இழுத்துக்கொண்டு நிற்கும் பிளேனைப் பிடித்து, சொன்னதும் விட ஓர் ஆள் வேண்டும். உம்மா அபாயாவைச் சுருட்டிக்கொண்டு முழங்காலில் நின்றா.

"விடுங்க உம்மா!"

விடவில்லை. "இழுக்குதுகா! உசிர் உள்ள சாமான் மாதிரி இழுக்குது!"

"அதுக்குத்தான் விடச் சொல்ற!"

விட்டா. அது நிலத்தில் இரண்டு தரம் குதித்து, எழும்பியது. கம்பி விறைத்தது. என் கை தோளோடு சேர்ந்து இழுபட்டது. ஒரு வட்டம். வயலும் வரம்பும் உம்மாவும் கரைந்து கோடாகிவிட்டார்கள். பிளேன் மட்டும்தான் அசையாமல் என் முன்னால் நின்றது. இரண்டு. மூன்று. கடல் பக்கமிருந்து ஒரு காற்று அடித்தது. கம்பி தொய்ந்தது. ஓடாவி மாமா இழைத்துத் தந்த நுனி உள்ளே சரிந்தது. நான் நினைக்கவேயில்லை, கால் தானாக ஒரு எட்டுப் பின்னால் போனது. கம்பி மீண்டும் விறைத்தது. முள்முருக்கு தாங்கியது. ஒன்பதாவது வட்டத்தில் மோட்டர் நின்றது. சத்தமில்லாமல் இறங்கி, அறுத்த பயிரின் தாளடியில் மோதி, புரொப்பெல்லரை முறித்துக்கொண்டு நின்றது. எனக்குத் தலை கிறுகி நான் குந்திவிட்டேன்.

ரோட்டில் ஒரு ட்ரக்டர் நின்றிருந்தது.

"என்ன மகள், ட்ரோனா?" என்று ஓட்டி வந்தவர் கேட்டார்.

"இல்ல. கம்பி கட்டின பிளேன்."

"கட்டிப்போட்டு என்னத்துக்குப் பறக்கவிடுற? பாவம்."

"பாவமில்ல. கம்பியில்லாட்டி அது விழும்" என்றேன். "மத்த முனை என்ட கையில இரிக்கி."

அடுத்த நாள் ஓடாவி மாமா கதவை மாட்ட வந்தார். ஒரு டப்பாவில் பட்டி கொண்டுவந்திருந்தார், துளைகளை அடைக்க. வேண்டாம் என்றேன். துளையுள்ள பக்கத்தை அறைக்குள் திருப்பி மாட்டட்டா என்று கேட்டார். அதுவும் வேண்டாம், மண்டபத்துப் பக்கம் மாட்டுங்கள் என்றேன். அவர் வாப்பாவைப் பார்த்தார். வாப்பா டைலைப் பார்த்துக்கொண்டு, "அவட ஊடு" என்றார்.

இப்போது மண்டபத்தில் நின்றால் தெரியும்: தொண்ணூறு துளைகள், ஒரு வாள்வெட்டு, சேர்த்துப் பார்த்தால் இடப்பக்கம் நீண்ட ஒரு செட்டை. வரும் வெள்ளிக்கிழமை வேறொரு மாப்பிள்ளைப் பகுதியார் வீடு பார்க்க வருகிறார்கள். உம்மா காலையில் கேட்டா:

"அந்தக் கதவத் திறந்து சுவரோட சாத்தி வைக்கட்டா புள்ள? அப்ப ஓட்டை தெரியாது."

"மூடி வைங்க உம்மா" என்றேன். "நல்லாத் தெரியட்டும்."