காலடியில் முதலாளி

கூடத்தில் மூன்று நாற்காலிகளை ஒட்டிப் போட்டு, நடுவில் மனைவியை உட்காரவைத்து, ஓரத்தில் தான் உட்கார்ந்துகொண்டு, பூனைப் பையைக் காலால் மெல்ல முன்னே தள்ளினார் லிஃப்ட் மெக்கானிக். விமானம் ஏற இன்னும் இரண்டு நாள் இருந்தது. ஒரு வாரமாகவே சாயங்காலம் ஆனால் இந்த ஒத்திகைதான்.

"மன்னிச்சுக்குங்க, உங்களுக்குப் பூனைன்னா ஆகுமாங்க?" என்று கேட்டார்.

இத்தனை வருடக் குடித்தனத்தில் கிடைக்காத 'ங்க' ஒத்திகையில் கிடைக்கிறதே என்று அந்த அம்மாள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவார். ஒரு நாள் தூங்குமூஞ்சிப் பயணி, ஒரு நாள் பேச்சை நிறுத்தாத பயணி. அன்றைக்குச் சிடுமூஞ்சியாக முகத்தை வைத்துக்கொண்டு, "எனக்கு ஆகாது. நீங்க இறங்கிக்குங்க" என்றார். விளையாட்டுதான். ஆனால் மனிதருக்கு முகம் வெளுத்துப்போய்விட்டது. ராத்திரி சாப்பாடும் இறங்கவில்லை.

பயந்த சுபாவம். பாதி ஆயுளை லிஃப்ட் குழிக்குள் தொங்கியபடி கழித்தவருக்கா பயம் என்று கேலி செய்பவர்கள் உண்டு. பயந்ததால்தான் கை கால் முழுசாக இருக்கிறது என்பார். ஒரு லிஃப்ட்டில் கை வைப்பதற்கு முன்னால் எல்லா மாடிக்கும் படியேறிப் போய், கதவு கதவாக அட்டையை மாட்டி, "வேலை நடக்குது, யாரும் ஏறாதீங்க" என்று குரல் கொடுத்துவிட்டு வருவார். மாடியில் ஈ காக்கை இல்லாவிட்டாலும் குரல் கொடுப்பார். "சொல்லிட்டுத்தான் தொடணும்" என்பது அவர் வாயில் ஊறிப்போன பேச்சு. வீட்டில் மின்விசிறியை நிறுத்துவதற்குக்கூட அறிவிப்பு உண்டு. தும்முவதற்கு முன்னால் மட்டும்தான் சொல்வதில்லை, அதற்கு நேரம் கிடைப்பதில்லை என்பது மனைவியின் குறை.

பூனையின் பெயர் முதலாளி. ஒரு மொட்டைமாடி மோட்டார் அறையில், சூட்டுக்காக மோட்டார்மேல் படுத்துக்கிடந்த குட்டி. வேலை எதுவும் செய்யாது, வேளாவேளைக்குச் சாப்பிடும், அவர் வேலை செய்தால் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மேற்பார்வை பார்க்கும். வேறு என்ன பெயர் வைப்பது? இப்போது அதற்கு வயதாகிவிட்டது. இதயம் சரியில்லை. சாமான்களோடு கீழே ஏற்றினால் உயிரோடு போய்ச் சேராது, காலடியில் வைத்துக்கொண்டு போங்கள் என்று கால்நடை டாக்டர் சொல்லிவிட்டார். மகள் ஊரோடு போய்விடுவதென்று வீட்டைக் காலி செய்தாயிற்று. விட்டுவிட்டுப் போக ஆளில்லை, விடவும் மனமில்லை.

விமான அலுவலகத்தில் சம்மதித்தார்கள். பக்கத்தில் இருப்பவருக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் இடம் மாற்றித் தருவோம், மாற்ற இடமில்லையென்றால் பூனை கீழே போகவேண்டும், இல்லை நீங்கள் இறங்கவேண்டும் என்றும் சொன்னார்கள். அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் அவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது.

லிஃப்ட்டை ஒப்படைக்கும் முன் தாங்க வேண்டிய எடைக்குமேல் ஏற்றிச் சோதித்துப் பார்ப்பது தொழில் வழக்கம். அதே பழக்கத்தில் பூனைப் பைக்குள் அரிசியையும் தன் இரும்புச் சாமான்களையும் போட்டுத் தூக்கிப் பார்த்தார். பட்டை பிய்ந்து கூடமெல்லாம் அரிசி. மனைவி தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்து தைத்தார்.

ஒத்திகை விஷயம் தெரிந்து மகள் தொலைபேசியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "அப்பா, நீங்களா போய் வாயைத் திறக்காதீங்க. யாராவது கேட்டா மட்டும் சொல்லுங்க." மனைவியும் சத்தியம் வாங்காத குறைதான். அவர் தலையாட்டினார். ஆட்டிய தலைக்குள் என்ன ஓடியதோ, முடி உதிராமலிருக்க அன்றிலிருந்து பூனைக்கு இரண்டு வேளை சீப்பு.

விமானத்தில் ஓர் இடம்கூடக் காலியில்லை. நடைபாதையை ஒட்டி அவர், நடைபாதைக்கு அந்தப் பக்கம் மனைவி. அவருக்கு இந்தப் பக்கம் ஓர் இளம் தாய், ஜன்னலோரம் அவளுடைய சின்னப் பெண். பை முன் இருக்கைக்கு அடியில் போய்விட்டது. முதலாளி மூச்சுக் காட்டவில்லை. அவர் வியர்த்து வழிந்துகொண்டிருந்தார்.

பெண் இருமினாள். கொஞ்சம் பொறுத்து மறுபடியும். சளியா என்று விசாரித்தார், கேட்காமல் இருக்க முடியவில்லை.

"சளி இல்லீங்க, இவளுக்கு இழுப்பு உண்டு. நாய், பூனை முடி பட்டா உடனே ஆரம்பிச்சுடும். இங்க ஏசி தூசி போல" என்றபடி தாய் கைப்பையில் இன்ஹேலரைத் தேடினாள்.

அவர் குனிந்து பையைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாளுக்கும் கேட்டிருந்தது. சொல்லக்கூடாது என்று தலையை மிக மெதுவாக ஆட்டினார், கண் கலங்கியிருந்தது. விமானத்தின் கதவு இன்னும் திறந்திருந்தது. சொன்னால் பூனை கீழே போகும், கீழே போனால் பிழைக்காது. சொல்லாவிட்டால் கதவை மூடிவிடுவார்கள், மேலே போனபின் அந்தக் குழந்தைக்கு மூச்சு முட்டினால் யாரால் இறங்கமுடியும்? பெண் மருந்தை உறிஞ்சிவிட்டு, தோள் ஏறி இறங்க ஜன்னலில் சாய்ந்தாள். உள்ளே விசில் மாதிரி ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது.

தலைக்கு மேலிருந்த பொத்தானை அழுத்தினார். பணிப்பெண் வருவதற்குள் சொல்லியும் விட்டார்.

"அம்மா, என் காலடியில பூனை இருக்குங்க. அதனாலதான் இருமுறா போல."

தாய் சட்டென்று பெண்ணைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள். "ஏறும்போதே சொல்லியிருக்கலாமே."

பணிப்பெண் விமானத்தின் வால்வரை போய்க் கெஞ்சிக் கூத்தாடியதில், கடைசி வரிசையில் ஒருவர் இடம் மாற்றிக்கொள்ள எழுந்தார். சீக்கிரம் வாருங்கள் என்று மெக்கானிக்கை அவசரப்படுத்தினாள். அவரோ குனிந்து, பை இருந்த தரையையும் தான் உட்கார்ந்த இருக்கையையும் நனைத்த கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அத்தனை பேர் பார்வைக்கும் நடுவே நடந்து போனார். தாய் திரும்பிப் பார்க்கவில்லை. இத்தனை நேரம் ஊமையாக இருந்த முதலாளி அப்போது பார்த்துக் கத்தத் தொடங்கியது. யாரோ சலித்துக்கொண்டார்கள்.

கதவு மூடியது. விமானம் ஓடி, அதிர்ந்து, தரையை விட்டது. பூனை கத்திக்கொண்டே இருந்தது. அவருக்கு அது காதில் விழவில்லை. இயந்திர இரைச்சலில் ஒன்றும் கேட்காது என்று தெரிந்தும், பெல்ட் விட்ட மட்டும் எழும்பி, அந்தப் பெண் இருமுகிறாளா என்று முன் வரிசைகளின் பக்கம் காதுக்குக் கை கொடுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார்.